தயாளன் தண்ணி

மீன் தொட்டியில விட்ட டியூப்ப வாயில வெச்சு ஒரு இழுப்பு இழுக்கணும், தண்ணி நாக்கத் தொடறதுக்கு முன்னாடி விரலால அடைச்சு பக்கெட்டுல விட்டுடணும், அவ்வளவுதான் விஷயம், வாரா வாரம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோட செய்யற வேலைதான், ஆனா இன்னிக்கி அடைக்கறதுக்குள்ள வாய் நிறைய வந்துடுச்சு. த்தூ. பாதி துப்பினேன், பாதி உள்ள போயிடுச்சு. பாசி வாடை, மீன் கழிவு, கூடவே ஒரு இரும்பு ருசி. போகட்டும், இதைக் குடிச்சு யாரும் செத்ததில்ல. செத்ததில்லையா? தயாளன் செத்தானே. சே, அவன் இதைக் குடிச்சா செத்தான், டெங்கு வந்து செத்தான். அதுவும் என்ன அநியாயம் பாரு, கொசுப் புழுவத் தின்னுதுன்னு கார்ப்பரேஷன்காரனே கிணத்துல கொண்டுவந்து விடற மீன் கப்பி, அதை வீடு நிறைய வளத்தவன் கொசு கடிச்சுப் போய்ச் சேந்தான். தயாளன் யாருன்னா சுகந்தியோட மொதல் புருஷன். சுகந்தி என் பொண்டாட்டி. இந்த ரெண்டையும் அடுத்தடுத்து சொல்லும்போது இப்பவும் எனக்கு நாக்கு கொஞ்சம் குழறுது. உள் ரூம்ல பீரோ கதவு கிறீச்சுங்குது, புடவைய மடிச்சு பையில வெக்கிறா, நிறைமாசம், குனிய முடியல, கட்டில் மேல பையை வெச்சு நின்னுக்கிட்டே அடுக்குறா, நான் போய் எடுத்துக் குடுக்கணும், போகல. அரக்கோணத்துல இருந்து அவ அம்மாவும் தம்பி பாரியும் கார்ல வந்துட்டிருக்காங்க. ராகுகாலத்துக்கு முன்னாடி கிளம்பிடணும்னு அத்தை போன்ல ரெண்டு தடவை சொல்லிட்டாங்க. பிரசவத்துக்குத் தாய் வீடு, எல்லாரும் போறதுதான், இதுல என்ன இருக்கு. காலைல இட்லி வெக்கும்போது கேட்டா, குழந்தை பொறந்ததும் வந்து பாப்பீங்களா? எந்தப் பொம்பளையாவது புருஷன்கிட்ட இப்படி ஒரு கேள்வி கேப்பாளா? கேட்டாளே. நான் என்ன சொன்னேன், சட்னி காரமா இருக்குன்னு சொன்னேன். அவ சர்க்கரை டப்பாவ என் பக்கம் தள்ளி வெச்சுட்டுப் போனா.

தண்ணி இறங்குது. டியூப் நுனிய மணல்ல லேசா அமுக்கினா அழுக்கு புகையா எழும்பி உள்ள ஏறுது. மூலையில சக்கர் மீன் கண்ணாடியில வாய ஒட்டிக்கிட்டுக் கிடக்கு, நியான் டெட்ராக்கள் கூட்டமா ஒரு திருப்பம், அதுங்களுக்கு ஒரு கவலையும் இல்ல. கவலையெல்லாம் கப்பியாலதான். மூணுல ஒரு பங்கு எடுத்துட்டு நிறுத்திடணும், மிச்சம் பழைய தண்ணி அப்படியே இருக்கணும், அதுலதான் நல்ல கிருமியெல்லாம் இருக்கு, மொத்தமா மாத்தினா மீன் தாங்காது, எல்.கே.ஜி. பாடம். தயாளனோட இந்தத் தொட்டிய வில்லிவாக்கத்துல இருந்து பெரம்பூருக்கு டாட்டா ஏஸ்ல கொண்டு வந்தப்பகூட நாலு டிரம்ல பழைய தண்ணியப் பிடிச்சு, அலுங்காம, நானே பின்னாடி உக்காந்து டிரம்மக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். கல்யாணமாகி மூணாம் நாள். ஊர் பூரா சிரிச்சுது, கஜேந்திரன் தொட்டி வாங்கப் போய்ப் பொண்டாட்டியோட வந்திருக்கான்டான்னு. நிஜமும் அதான். கப்பி வளக்கறவங்க வாட்ஸாப் குரூப்ல ஒரு மெசேஜ், பெரிய தொட்டி, மீன்களோட, வளத்தவர் தவறிட்டார். சட்டையக்கூட மாத்தாம ஓடினேன். காரணம் அதுல இருந்த போட்டோ, நீல வால் கப்பி. அப்படி ஒரு நீலத்த அதுக்கு முன்னாடி நான் பாத்ததில்ல, கொளத்தூர் கலர்மீன் மார்க்கெட்லயே கிடையாது, தயாளன் வருஷக்கணக்கா தேர்ந்தெடுத்து தேர்ந்தெடுத்துக் கொண்டுவந்த வம்சம். ஆனா நான் போனப்ப ஆண் மீன் ஒண்ணுகூட இல்ல. எல்லாம் அவர் தவறின வாரமே செத்துப் போச்சுங்க, சோறு போட ஆளில்லன்னா சுகந்தி. சாம்பல் நிறத்துல பொட்டைங்க மட்டும் வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னுச்சுங்க. அப்பதான் அவ கேட்டா, ஆம்பளை மீனே இல்லாம இதுங்க மாசாமாசம் குட்டி போடுதே, அது எப்படிங்க? கேட்டதுதான் தாமதம், நமக்குத் தெரிஞ்சத யாராவது கேட்டா போதுமே, விலங்கியல் பட்டம் வாங்கிட்டுக் கண்ணாடிக் கடையில லென்ஸ் தேய்க்கறவனுக்கு வேற என்ன சந்தோஷம். ஒரு தடவை சேந்தா போதும்ங்க, அதை உள்ளயே பத்திரமா வெச்சுக்கும், மாசக்கணக்கா, ஆண் செத்தாலும் பரவால்ல, வேளை பாத்து அதோட குட்டியப் பெத்துக்கிட்டே இருக்கும்னு கையெல்லாம் ஆட்டிச் சொன்னேன். அவ கண்ணாடி மேல உள்ளங்கைய வெச்சா. அப்ப இன்னும் உள்ள இருக்குன்னு சொன்னா. என்கிட்ட சொன்ன மாதிரி இல்ல. தொட்டியக் குடுக்க மாட்டேன்னுட்டா, வேணும்னா ஞாயித்துக்கிழமை வந்து தண்ணி மாத்திக் குடுங்கன்னா. போனேன். அடுத்த வாரமும் போனேன். அப்புறம் மீனுக்காகப் போகல, அதை ஒத்துக்கணும்.

அப்ப இன்னும் உள்ள இருக்கு. எவ்வளவு சாதாரணமா சொன்னா. அன்னிக்கி அழகா இருந்த வார்த்தை இன்னிக்கி மீன்முள்ளு மாதிரி குத்துது. மனுஷன் வேற மீன் வேறடா மடையா. அவன் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, எந்த மீனும் அவ்வளவு நாள் வெச்சுக்காது, மனுஷிக்கு அப்படி ஒரு பையே உடம்புல கிடையாது, பரீட்சையில படம் போட்டு பாகம் குறிச்சவன் நீ. தெரியும். எல்லாம் தெரியும். தெரிஞ்சு என்ன, பயம் என்ன புஸ்தகம் படிச்சுட்டா வருது. கல்யாணத்துக்கப்புறம் என்னோட சிகப்பு ஆண்கள இந்தத் தொட்டியில விட்டேன், நெருப்பு மாதிரி சிகப்பு, பரிசு வாங்கின வம்சம். நீலத்துல வளந்து வர்ற ஆணையெல்லாம் வலை போட்டு எடுத்துட்டேன். அப்புறமும் குட்டி போடுது, குட்டி வளருது, வால்ல நிறம் தட்டுது, பாத்தா நீலம். திரும்ப எடுக்கறேன், திரும்ப நீலம். பொட்டைக்கு நிறம் வெளிய தெரியாது, மகளுக்கு மகள் உள்ளயே கொண்டுபோகும், அதுக்கும் கணக்கு உண்டு, காரணம் உண்டு, புரியாத விஷயம் ஒண்ணும் இல்ல. ஆனா டார்ச் அடிச்சுப் பாக்கும்போது, செடிக்கு நடுவுல இருந்து புதுசா ஒரு நீல வால் விரிஞ்சு வெளிய வரும் பாரு, அப்ப எந்தக் காரணமும் அங்க வேலை செய்யாது. அதுங்களப் பிடிச்சு பால்கனித் தொட்டியில போடுவேன். அங்க ஆஸ்கர் மீன் இருக்கு, உள்ளங்கை அகலம், வாயத் திறந்தா முடிஞ்சது. கப்பி வளக்கறவன் எல்லாரும் செய்யறதுதான், வம்சம் சுத்தமா இருக்கணும்னா ஆகாதத கழிச்சுக் கட்டணும். கொலைன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அது விழுங்கறத நான் நின்னு பாத்துட்டு வர்றேனே, அதுக்கு என்ன பேருன்னுதான் தெரியல.

அந்த மூலைய மட்டும் பாக்காம வேலையப் பாரு. முடியுதா? தொட்டி மூடியில ஓட்டை வலது பக்கம் இருக்கு, நான் தீனி போடறது வலது பக்கம், இத்தனை மாசமா வலது பக்கம்தான். நான் டப்பாவ எடுத்துக்கிட்டு வந்ததும் எல்லாம் இடது மூலைக்கு ஓடும். அங்க போய் மேல வந்து, வாயத் திறந்து திறந்து மூடி, யாரோ நின்னு போடற மாதிரி. நான் போட்ட தீனி இங்க மிதக்கும், அதுங்க அங்க வெறும் தண்ணிய விழுங்கும். கொஞ்ச நேரம் கழிச்சுதான் இந்தப் பக்கம் வரும். வில்லிவாக்கம் வீட்டுல இருந்த பழைய மூடியில ஓட்டை இடது பக்கம், தயாளன் அங்கதான் ஸ்டூல் போட்டு உக்காருவானாம், சுகந்தி சொன்னா. சரி, பழக்கம். ஆனா அவன் கையால தின்ன மீன் ஒண்ணுகூட இப்ப உசிரோட இல்லையே. இதுங்கல்லாம் இங்க பெரம்பூர்ல, என் வீட்டுல, நான் பாக்கப் பொறந்ததுங்க. பெருசப் பாத்துச் சிறுசு கத்துக்குது, அதுவும் புஸ்தகத்துல இருக்கு. அப்ப நான் எங்க நிக்கறேன்? என் வீட்டுல, என் கைலியோட, என் கையில தீனி டப்பாவோட, நான் இல்லாத எடத்துல நிக்கறேன். இந்த வயித்துப் பொட்டைய வேற பாக்கணும், இன்னிக்கோ நாளைக்கோ போட்டுடும், வயிறு சதுரமாயிடுச்சு. ரொம்ப நெருங்கிட்டா தோலு அவ்வளவு மெல்லிசாயிடும், உள்ள இருக்கற குட்டிங்களோட கண்ணு தெரியும். கறுப்புப் புள்ளி புள்ளியா, ஜோடி ஜோடியா. கிட்டப் போனா அதுங்க என்னப் பாக்குது. பொறக்காத கண்ணு. ஸ்கேன் எடுக்கப் போனப்ப அந்த டாக்டரம்மா மானிட்டர என் பக்கம் திருப்பி, அப்பா பாருங்க, மூக்கு தாடையெல்லாம் நல்லாத் தெரியுது, யார் ஜாடைன்னு சொல்லுங்க பாப்போம்னாங்க. சாம்பல் தண்ணிக்குள்ள ஒண்ணு மெதுவாத் திரும்புச்சு. தாடையில ஒரு குழி இருந்த மாதிரி எனக்குப் பட்டுச்சு. நிழலா இருக்கும். தயாளனுக்குத் தாடையில குழி, அத்தை வீட்டு அலமாரியில இருக்கற போட்டோவுல பாத்திருக்கேன். எனக்குக் கிடையாது, சுகந்திக்கும் கிடையாது. நான் செருப்ப மாட்டிக்கிட்டு வெளிய வந்துட்டேன், உள்ள ஏசி ஒத்துக்கலன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அடுத்த ஸ்கேனுக்கு அவ பக்கத்து வீட்டு ஸ்டெல்லா அக்காவக் கூட்டிக்கிட்டுப் போனா, என்னக் கூப்பிடல. அன்னிக்கி கேக்காதததான் இன்னிக்கி காலைல கேட்டா.

பக்கெட் நிறைஞ்சு வழியுது. எப்ப நிறைஞ்சுது. தரையெல்லாம் தண்ணி. இன்னொரு பக்கெட்ட இழுத்து வெச்சேன், டியூப்ப எடுக்கல. ஏன் எடுக்கல, மூணுல ஒரு பங்கு எப்பவோ ஆயிடுச்சே. ஒரு கணக்கு தோணிச்சு, தோணினதும் நிறுத்த முடியல. இத்தனை மாசமா வாரா வாரம் கொஞ்சம் எடுக்கறேன், கொஞ்சம் புதுசு ஊத்தறேன், ஆனா எப்பவுமே பழசு மிச்சம் இருக்கு. அந்தப் பழசுல அதுக்கு முந்தின பழசு. அதுக்குள்ள வில்லிவாக்கத்துத் தண்ணி. அதுக்குள்ள அவன் கை விட்டு அளைஞ்ச தண்ணி. நான் ஒரு தடவைகூட இதை முழுசா மாத்தினதே இல்ல. அவன் தண்ணியிலதான் என் மீன் நீந்துது, அவன் தண்ணியத்தான் இப்ப நான் குடிச்சேன், வயித்துல இருக்கு. அவ்வளவுதான் விஷயம், இதை முழுசா எடுத்துட்டா போதும், மணலக் கொதிக்க வெச்சுக் கழுவி, டிரம்ல பிடிச்சு வெச்சிருக்கற புதுத் தண்ணிய ஊத்தி, அப்புறம் எல்லாம் சரியாயிடும், நீலம் வராது, குழியும் வராது. மீன் செத்துடும்டா. சாகட்டும். பரிசு வாங்கின சிகப்பும் சேந்து சாகும். சாகட்டும், வேற வாங்கிக்கலாம். ரெண்டாவது பக்கெட்டும் வழிஞ்சு தரையில ஓடுது, தொட்டியில இப்ப ரெண்டு விரல் தண்ணிகூட இல்ல. சக்கர் பாதி வெளிய தெரியுது. கப்பிங்களுக்குப் பெரிய வாலு, தண்ணி குறைஞ்சா வாலத் தூக்க முடியாது, சிகப்பெல்லாம் துணித்துண்டு மாதிரி பக்கவாட்டுல சாஞ்சு கிடக்கு. அப்பவும் பொட்டைங்க, கடவுளே, அப்பவும் அந்த இடது மூலைக்குத்தான் போகுதுங்க. அந்தக் கொஞ்சத் தண்ணியில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி வாயத் திறந்து மேல பாக்குதுங்க. நானும் அங்க பாத்தேன். ஸ்டூல் இருக்க வேண்டிய எடம். ஒண்ணும் இல்ல, சுவரு, சுவத்துல கேலண்டர். ஆனா அங்க யாராவது இருந்தா எவ்வளவு உயரம் இருப்பாங்களோ அந்த உயரத்துல என் கண்ணு நின்னு போச்சு, எடுக்கவே முடியல.

மோட்டார நிறுத்துங்கன்னு குரல். திடுக்குனு திரும்பினா சுகந்தி. வாசப்படிய ஒரு கையால பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கை இடுப்புல. எவ்வளவு நேரமா நிக்கறாளோ தெரியல. தொட்டியோட ஃபில்டர் மோட்டார் தண்ணியில்லாம கரகரன்னு ஓடிக்கிட்டு இருந்திருக்கு, எனக்குக் காதுல விழல. அவ ஸ்விட்ச்ச அணைச்சா. ஈரத்தரைடி, வழுக்கும், அங்கயே நில்லுன்னேன். நிக்கல. சுவத்தப் பிடிச்சு மெதுவா வந்து, சோப்பு டப்பா பக்கத்துல இருந்த சொம்ப எடுத்து, பக்கெட்டுல இருக்கற பழைய தண்ணிய மொள்ளக் குனிஞ்சா. அந்த வயித்தோட. குனிய முடியல, முட்டிய மடக்கப் பாத்தா, மூச்சு முட்டுச்சு. நான் சொம்பப் பிடுங்கிட்டேன். ஊத்துங்கன்னா. ஊத்தினேன். கலங்கின தண்ணிதான், அழுக்குதான், ஆனா இன்னும் ஊத்துங்க, இன்னும்னா. சாஞ்சு கிடந்ததுங்க ஒவ்வொண்ணா நிமிந்துச்சு, ரெண்டு சிகப்பு நிமிரவே இல்ல. அந்த வயித்துப் பொட்டை மூலையில கிடந்து உடம்ப வளைச்சு ஒரு உதறு உதறுச்சு, பின்னாடி இருந்து ஒரு துளி விழுந்து சுருள் பிரிஞ்சு நீந்துச்சு. இன்னொண்ணு. இன்னொண்ணு. பயத்துல போட்டுடுச்சு. சுகந்தி கண்ணாடிகிட்ட முகத்தக் கொண்டுபோனா. இதுல எது நீலம்னு கேட்டா. இப்பத் தெரியாது, பொறந்த குட்டிக்கு நிறம் கிடையாது, கண்ணு மட்டும்தான் இருக்கும்னேன். தெரிஞ்சா எடுத்து பால்கனியில போட்டுடுவீங்கன்னா. எனக்குத் தெரியும்ங்க, நீங்க வலையத் தூக்கிக்கிட்டுப் போற ஒவ்வொரு வாட்டியும் எனக்குத் தெரியும், நான் சமையல்கட்டுல நின்னுக்கிட்டு இருப்பேன்.

அப்பதான் வாய விட்டேன். குழந்தை யார் மாதிரி இருக்கும்னு கேட்டேன். செருப்பால அடிப்பா, அடிச்சா வாங்கிக்கலாம்னு நின்னேன். அவளுக்குக் கோபம் வரல, அதுதான் என்னவோ பண்ணிச்சு. நாற்காலிய இழுத்து உக்காந்தா. எனக்கும் பயமாத்தான் இருக்குன்னா. அன்னிக்கி நீங்கதானே சொன்னீங்க, உள்ளயே வெச்சுக்கும்னு. அது மீனுக்கு, மனுஷங்களுக்கு இல்லன்னு எனக்கு மட்டும் தெரியாதா? இருந்தாலும் காலைல எழுந்திருக்கும்போது, ஐயோ அவர் மாதிரி இருந்துடுமோன்னு பயமா இருக்கு, உங்க மொகத்துல எப்படி முழிப்பேன்னு. சாயங்காலம் ஆனா, ஐயோ அவர் மாதிரி இல்லாமப் போயிடுமோன்னு பயமா இருக்கு. இதை யார்கிட்ட போய்ச் சொல்லுவேன், எங்கம்மாகிட்டயா, நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க, நீங்க தொட்டிகிட்டயே நிக்கறீங்க. அழல. சொல்லி முடிச்சுட்டுப் பெருமூச்சு விட்டா. வயித்தெரிச்சலா இருந்துச்சு எனக்கு, பொய் சொல்லக் கூடாது, இல்லாமப் போயிடுமோன்னாளே, அந்த வார்த்தைக்கு அவளை ஒரு அறை விடலாமான்னுகூட ஒரு நொடி. அடுத்த நொடியே, இத்தனை மாசமா இந்த வீட்டுல அந்தப் பேயக் கண்டு பயந்தது நான் ஒருத்தன் இல்லன்னு ஒரு ஆறுதல். என்ன ஆறுதலோ கர்மமோ. கீழ ஹாரன் அடிச்சாங்க.

பாரி மேல வந்து பையத் தூக்கிக்கிட்டான், ஈரத்தரையப் பாத்துட்டு என்ன மாமா வெள்ளமான்னான். நான் அவ கையப் பிடிச்சு ஒவ்வொரு படியா இறக்கினேன், மூணு மாடி, ஒவ்வொரு மாடியிலயும் நின்னு நின்னு. கார் கதவத் திறந்து உக்கார வெச்சேன். சரி, கிளம்பறோம் மாப்ள, நேரமாச்சுன்னாங்க அத்தை முன் சீட்டுல இருந்து. சுகந்தி என்னப் பாக்கல, நேரா முன்னாடி பாத்துக்கிட்டு இருந்தா, காலைல கேட்டத திரும்பக் கேக்கவும் இல்ல. தள்ளி உக்காருன்னு சொல்லிட்டு நானும் ஏறினேன். அத்தை திரும்பி, ஐயய்யோ மாப்ள, என்ன ஈரக் கைலியோடயா வர்றீங்க, சட்டையாவது போட்டுக்கிட்டு வாங்கன்னாங்க. வண்டிய எடு பாரின்னேன், போற வழியில வாங்கிக்கலாம். அவன் சிரிச்சுக்கிட்டே எடுத்தான். பாலம் ஏறும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்குச்சு, சுகந்தி பல்லக் கடிச்சா. வலிக்குதான்னேன். இல்லன்னு தலையாட்டிட்டு, என் கைய எடுத்து வயித்து மேல வெச்சா. புடவைக்கு அடியில இறுக்கமா, சூடா இருந்துச்சு. கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. அப்புறம் உள்ள இருந்து யாரோ உதைச்சாங்க. நான் கைய எடுக்கல.